எந்த ஊர் வானம் இது?

சென்னையை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் இராஜகோபுரம் தெற்குப் பார்த்து நிற்கிறது. அதற்கு நேர் எதிரே நின்று படமெடுப்பவர் வடக்கு நோக்கித்தான் நிற்க முடியும். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலிலும் இங்கே சூரியன் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரிதான் வடக்கே தள்ளி மறையும். ஆகவே, அந்தக் கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் மறைவதாகக் காட்டும் படம் எதுவானாலும் அதன் வானம் கணினியில் ஒட்டப்பட்டது. விழா அழைப்பிதழ், கல்யாண ஆல்பம், அடுக்குமாடி விளம்பரம் என்று எங்கும் இந்த ஒட்டுவானம் பரவிவிட்டது. கேட்டால், “வானம் வெறும் பின்னணிதானே, ஆளையும் கட்டடத்தையும் தொடவில்லையே, இதில் யாருக்கு என்ன நட்டம்?” என்கிறார்கள். படித்தவர்களும், படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் நம்பும் இந்தப் பேச்சு தவறானது, ஆபத்தானதும்கூட.

வானத்தை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது. வெளியில் எடுக்கும் படத்துக்கு வெளிச்சம் தருவதே வானம்தான். உச்சிவெயிலில் எடுத்த ஒரு கோபுரப் படத்தை உற்றுப் பாருங்கள். சுதைச் சிற்பங்களின் புருவத்துக்கும் தாடைக்கும் கீழே கருநிழல் விழுந்திருக்கும், மாடங்களின் உட்புறம் இருண்டிருக்கும். மாலை வெயிலென்றால் நிழல் பக்கவாட்டில் நீளும், சுதையில் மஞ்சள் ஏறும். உச்சிவெயில் நிழலோடு நிற்கும் சிற்பங்களுக்குப் பின்னால் அந்திச் சிவப்பைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. தென்னங்கீற்றுகளின் இடுக்கில் பழைய வெள்ளை வானம் பிசிறாக மிச்சமிருக்கும். குளத்துத் தண்ணீரிலும் அதே பழைய வானம் கிடக்கும். மென்பொருள் செய்பவர்களுக்கும் இது தெரியும். 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் வானம் மாற்றும் வசதி வந்தபோது, முன்னால் இருப்பவற்றின் வெளிச்சத்தையும் நிறத்தையும் புது வானத்துக்கு ஏற்பத் திருத்தும் வசதியும் கூடவே வந்தது. அதாவது, அந்திவானம் போட்டால் மணப்பெண்ணின் முகமும், கூறைப்புடவையின் நிறமும், கோபுரத்தின் சுதையும் சேர்ந்தே மாறுகின்றன. ‘ஆளைத் தொடவில்லை’ என்ற சமாதானம் அங்கேயே விழுந்துவிடுகிறது. மென்பொருளோடு வரும் வானங்களோ உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒரே தொகுப்பு. எந்த ஊரிலோ திரண்ட மேகம் ஆவடிக் கல்யாண மண்டபத்துக்கு மேலும் நிற்கலாம், ஐரோப்பியக் கோட்டைக்கு மேலும் நிற்கலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வானத்தின் நிறம் என்பது அன்றைய காற்றின் பதிவு. சித்திரை வெயிலில் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஈரமும் தூசியும் புகையும் ஒளியைச் சிதறடிப்பதால் வானம் வெளுத்துக் கிடக்கும். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும் தூசி அடங்கி அதே வானம் ஆழ்ந்த நீலமாகும். 2018 போகியன்று புகையும் பனியும் மூடியதில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அப்படியொரு காலையில் எடுத்த படத்தின் சாம்பல் வானத்தை நீலமாக்குவது, தெருவில் நாம் எரித்த டயரை மறைப்பதற்குச் சமம். 1883 செப்டம்பரில் இதே சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித், பிற்பாடு கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை அமைத்தவர், அந்த ஒளியை நிறமாலைக் கருவி வைத்துப் பார்த்துக் குறித்தார். காரணம் இன்னதென்று அப்போது உறுதியாகவில்லை. ஆகஸ்ட் இறுதியில் வெடித்த கிரகடோவா எரிமலையோடு இத்தகைய குறிப்புகளைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டிச் சேர்த்துப் பார்த்தது லண்டன் ராயல் சொசைட்டியின் 1888 அறிக்கை. காரணம் தெரியாத நிலையிலும் கண்டதைக் கண்டபடி குறித்தவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய நிலை என்ன? 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சு நிறமானபோது, பல கைப்பேசிக் கேமராக்கள் அதைப் பிழையென்று எடுத்துக்கொண்டு தாமாகவே சாம்பலாகத் திருத்திக் காட்டின. மனிதர்கள் தம் கண்ணால் கண்ட அபாயத்தைப் படத்தில் கொண்டுவரத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது.

மறுப்பவர்கள் வரலாற்றைக் காட்டுவார்கள். 1850களில் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டது உண்மைதான். அன்றைய தகடுகள் நீல ஒளியைத்தான் வேகமாகப் பிடித்தன. கடல் சரியாகப் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். அந்தக் கட்டாயம் இன்று நமக்கில்லை. அவரேகூட ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார். அவர் பெரிய கலைஞர் என்பதற்காக அதையும் முன்மாதிரியாக ஏற்க வேண்டியதில்லை. “கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தது, கேமராவில் வெள்ளையாகிவிட்டது” என்பவரின் குறை நியாயமானது. அவர் அதே இடத்தில், அதே நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்து இன்னொரு படம் எடுத்துச் சேர்க்கட்டும். கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா (raw) கோப்பில் பதிந்திருக்கும் மேகத்தை மீட்டெடுக்கட்டும். அது அந்த நேரத்து வானம். வேறு நாளின், வேறு ஊரின் வானத்தைக் கொண்டுவந்து வைப்பது வேறு வேலை. சினிமா போஸ்டரில் அதைச் செய்தால் எவரும் ஏமாறப் போவதில்லை, எனக்கும் ஆட்சேபம் இல்லை.

கல்யாண ஆல்பம் சொந்த விஷயம், அதில் தலையிட யாருக்கு உரிமை என்ற கேள்வி இவற்றையெல்லாம்விட வலுவானது. தடைபோடச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊர் முன்பு எப்படி இருந்தது என்பதற்குப் பல நேரம் குடும்பப் படங்களை விட்டால் வேறு சான்று இருப்பதில்லை. ஏரிக்கரையில் நின்று எடுத்த ஒரு ஜோடியின் படம் நாற்பது ஆண்டு கழித்து அந்த ஏரிக்கும் அன்றைய மழைக்கும் சாட்சியாகலாம். அடுக்குமாடி விளம்பரத்தில், சொந்த விஷயம் என்ற இந்தச் சலுகைக்கும் இடமில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு வாங்குபவருக்குக் காற்றின் தரம் விலையோடு சேர்ந்த விஷயம். விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்க 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதன்கீழ் வானத்தின் நிறத்துக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள், அந்தத் தைரியத்தில்தான் நீலம் பூசுகிறார்கள். விளம்பரப் படத்தில் வானம் மாற்றப்பட்டிருந்தால் அதன் கீழேயே அப்படி அச்சிட வேண்டும். ஸ்டூடியோக்காரர்கள் ஆல்பத்தோடு, கை வைக்காத மூலப் படங்களைத் தேதியோடு பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். கோயில் அழைப்பிதழுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்கள், கோபுரம் எந்தத் திசை பார்க்கிறது என்பதையாவது ஒருமுறை கவனித்த பிறகு அச்சுக்கு அனுப்ப வேண்டும்.