எடைக்குப் போன இரும்புப் பெட்டி



போன விடுமுறையில் எங்கள் ஊரில் ஒரு பழைய அடகுக் கடையை மூடினார்கள். அங்கிருந்த இரும்புப் பெட்டியைக் காயலான் கடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என் அப்பாவுக்கும் அவரோடு சுமை தூக்கும் ஐந்து பேருக்கும் கிடைத்தது. உருளைக் கட்டை போட்டு, கடப்பாரையால் நெம்பி, அரை நாள் பாடுபட்டார்கள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "கேஸ் வச்சு வெட்டுனப்போ உள்ளேயிருந்து வெள்ளையா மண்ணு மாதிரி கொட்டுச்சுப்பா. தண்ணி கசிஞ்சு ஆவி வேற வந்துச்சு. நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இரும்புக்குள்ள ஏதுப்பா தண்ணி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தால் மிஞ்சியது ஒரு பித்தளைத் தகடுதான். 'மில்னர், லிவர்பூல்' என்று அதில் பொறித்திருந்தது.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். தாமஸ் மில்னர் 1840-லேயே நெருப்புத் தாங்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியவர். அந்தக் காலப் பெட்டிகளில் இரண்டு சுவர்களுக்கு நடுவே படிகாரமும் மரத்தூளும் நிரப்புவார்கள். சவரக் கடையில் இருக்குமே, அதே படிகாரம்தான்! அதன் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் படிக நீர். முதலாண்டு வேதியியலில் நாம் மனப்பாடம் செய்த அந்தப் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள்! வெளியே தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பத்திரங்கள் கருகாது. அப்பா பார்த்த தண்ணீர் அதுதான். பாடப் புத்தகத்தில் எனக்குப் புரியாததை எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவின் கேள்வி புரிய வைத்தது.

பெட்டிக்குள் வேதியியல் என்றால் பூட்டுக்குள் இயந்திரவியல். இங்கிலாந்தின் ஜெரமையா சப் 1818-ல் 'டிடெக்டர்' பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சரியான சாவி போட்டால் ஒவ்வொரு லீவரும் அதனதன் அளவுக்கு உயரும், தாழ்ப்பாள் நகரும். கள்ளச் சாவி போட்டு ஒரு லீவரைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் அது மாட்டிக்கொள்ளும், பூட்டு இறுகிவிடும். 'யாரோ கை வைத்திருக்கிறார்கள்' என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடித்தவராக நாம் படிக்கும் ஜோசப் பிரமாவும் பூட்டுக்காரர்தான். தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று லண்டனில் கடை ஜன்னலிலேயே எழுதி வைத்தார்கள்.

1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், ஒரு பெட்டக அறைக் கதவில் இருந்த சப் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். எப்படி? எந்த லீவர் அதிகம் உயர்ந்தது என்று அந்த டிடெக்டரே அவருக்குச் சொல்லிவிட்டது! பிரமா பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. ஊரே பதறியது. ஆனால் அதற்குப் பிறகுதான் பூட்டுகள் இன்னும் தரமாக வந்தன. குறையை மூடி மறைத்தவன் முன்னேறவில்லை. எடுத்துக் காட்டப்பட்டவன்தான் முன்னேறினான்.

நம் நாட்டிலும் கதை உண்டு. வக்கீல் தொழிலை உதறிவிட்டு வந்த அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கினார். 1902-ல் இரும்புப் பெட்டி செய்தார். நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டம் கிடைத்தால் போதுமா? பூட்டையும் பெட்டியையும் பிரித்துப் பார்த்து எழுதி வைக்க ஆள் வேண்டாமா?

"வீட்ல சோத்துக்கே தாளம், இவனுக்கு எதுக்குடா பணக்காரன் பெட்டி?" என்று நண்பன் கேலி செய்தான். உண்மைதான். எங்கள் வீட்டில் பூட்டி வைக்க எதுவும் இருந்ததில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்த நகைதான் பணக்காரனுடையது. பெட்டி, அதைச் செய்த தொழிலாளியின் கைவேலை. நகை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. கைவேலைதான் எடைக்குப் போகிறது!

எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடியாது. இடம் வேண்டும், பணம் வேண்டும். ஆனால் எழுதி வைக்கக் காசு வேண்டாமே! உங்கள் ஊரில் ஒரு பழைய பெட்டி கழிக்கப்படுகிறது என்று தெரிந்தால், சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டுத் தகட்டில் உள்ள பெயர், எண், நீள அகலம், சுவரின் கனம் எல்லாம் குறித்து வையுங்கள். படம் எடுங்கள். ஆனால் உபயோகத்தில் உள்ள பெட்டியின் சாவியைப் படம் எடுக்காதீர்கள். அதைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்யலாம். நீங்களாக வெட்டவும் செய்யாதீர்கள். சில பழைய பெட்டிகளின் நிரப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். இதை என் அப்பாவுக்கு அன்று சொல்ல யாருமில்லை.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ஒரே ஒரு பழைய பெட்டிக் கதவை வாங்கி நம் ஒர்க்ஷாப்பில் வைப்போம். உள்பக்கத் தகட்டைக் கழற்றி விட்டால் லீவர், ஸ்பிரிங், தாழ்ப்பாள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கரும்பலகையில் பத்து வகுப்பு எடுத்தாலும் வராத தெளிவு அதில் வரும். அதைத் தூக்கி வர ஆறு பேர் வேண்டும். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நாம் தயாரா?

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை