வளவை விட்டு எழும்பச் சொன்னால்?



தென்னந்தோட்டத்தில் நாம் கூடிப் பேச நமக்கென்று ஒரு சாண் நிலம் இல்லை. படுக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். நடக்கும் பாதை தோட்டத்துக்குச் சொந்தம். தேங்காய் குவிக்கும் முற்றமும் அப்படியே. அதனால்தான் சம்பளப் பிரச்சினை என்றாலும் வேலைநிறுத்தம் என்றாலும் நம் கால்கள் ஆலய வளவைத் தேடிப் போகின்றன. துரை கேட் போட்டுப் பூட்ட முடியாத நிலம் அது ஒன்றுதான்.

அந்த வளவில் நாம் உட்கார்ந்திருக்கும்போது பங்குத்தந்தை வந்து, "பிள்ளைகளே, இனி எழும்புங்கள்" என்று சொன்னால் என்ன செய்வது?

நம்மிடையே இரண்டு பதில்கள் உலாவுகின்றன. "பாதர் சொன்னால் போய்விட வேண்டும், சாமி நிலத்தில் வழக்கு வேண்டாம்" என்பது ஒன்று. "ஆலயம் எங்கள் காசில் எழும்பியது, ஒரு அடி அசைய மாட்டோம்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. இரண்டும் நிலத்தைப் பார்க்கின்றனவே தவிர, அதில் இருப்பவன் எதற்காக வந்தான் என்று பார்ப்பதில்லை.

அடைக்கலம் வேறு, மேடை வேறு. உயிருக்குப் பயந்து வந்தவனை எழும்பச் சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. குரல் கொடுக்க வந்தவர்கள், இடம் தந்தவர் கேட்டால் எழும்பத்தான் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம். நம்மில் சிலருக்கு இது கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அடைக்கலம் என்றால் என்ன என்று புத்தளத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் உடுத்த துணியோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னங்காணிகளும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. அன்று அவர்களைப் பார்த்து "எழும்புங்கள்" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய பாவம்!

பாரிஸ் நகரில் 1996இல் அந்தப் பாவம் நடந்தது. வதிவிடப் பத்திரம் இல்லாத சுமார் முந்நூறு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் அவர்களது குடும்பங்களும் மார்ச் மாதத்தில் சென் அம்ப்ருவாஸ் தேவாலயத்துக்குள் புகுந்தார்கள். சில நாட்களிலேயே, திருச்சபைத் தரப்பின் வேண்டுகோளின் பேரில் பொலிஸ் அவர்களை வெளியேற்றியது. இடம் இடமாக அலைந்து ஜூனில் சென் பெர்னார் தேவாலயத்துக்கு வந்தார்கள். அங்கிருந்த பங்குத்தந்தை அவர்களைப் போகச் சொல்லவில்லை. ஓகஸ்ட் 23ஆம் திகதி பொலிஸ் கோடரியால் கதவை உடைத்துத்தான் உள்ளே வர முடிந்தது. முதல் ஆலயத்திலும் இரண்டாவது ஆலயத்திலும் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒன்று தன் கையால் அவர்களை ஒப்படைத்தது, மற்றது ஒப்படைக்க மறுத்தது. இன்றைக்கும் உலகம் பேசுவது இரண்டாவதைப் பற்றித்தான்.

இன்னும் கிட்ட வருவோம். நம் கற்பிட்டிக்கு நேர் மேற்கே, கடலின் அக்கரையில், இடிந்தகரை இருக்கிறது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011 செப்டெம்பரில் அவ்வூர் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு 127 பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். முதலில் அது மேடை. 2012 மார்ச்சில் தமிழக அரசு உலைக்கு இசைந்து பொலிஸைக் குவித்த பிறகு அதுவே அடைக்கலமாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. தலைமை தாங்கியவர்கள் ஊரைத் தாண்டினால் கைது. தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புடைய அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஆலயத்தின் வயிற்றில் அடித்தால் ஆலயமே ஆட்களை வெளியே தள்ளும் என்பதுதான் கணக்கு. அந்த நிலையில் "எழும்புங்கள்" என்ற சொல் பாதரின் வாயில் வந்தாலும் அது பாதரின் சொல்லாக இருக்காது. ஆகவே யார் கேட்கிறார் என்பதோடு, யாருக்காகக் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி மேடையைப் பார்ப்போம். 2011 ஒக்டோபரில் லண்டன் வங்கிகளுக்கு எதிராகத் திரண்ட இளைஞர்கள், பங்குச் சந்தைக்குள் போக முடியாமல், சென் போல்ஸ் பேராலயத்தின் வாசலில் கூடாரம் அடித்தார்கள். முதலில் ஜைல்ஸ் ஃப்ரேசர் என்ற குரு பொலிஸைத்தான் படிகளை விட்டுப் போகச் சொன்னார். சில நாளில் பேராலயம் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கதவை மூடி, கூடாரங்களை எடுக்கக் கேட்டது. பலவந்தத்துக்குத் துணைபோக முடியாது என்று ஃப்ரேசர் பதவி விலகினார். அடுத்து பேராலயத்தின் தலைமைக் குருவும் விலகினார். நீதிமன்றக் கட்டளையோடு 2012 பெப்ரவரி 28ஆம் திகதி நள்ளிரவில் எல்லாம் அகற்றப்பட்டது.

அந்த நாலு மாதத்தில் நடந்தது என்ன? வங்கிக்காரரைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைகள் கூடாரத்தைப் பற்றி எழுதின. திருப்பலி நடக்குமா, நடக்காதா என்று எழுதின. குருமார் பதவி போனது, வங்கிக்காரர் ஒருவரின் நாற்காலியும் ஆடவில்லை. அந்த இளைஞர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் இருந்தது அந்த நிலம் மட்டும்தான், அதை விட்டால் கையில் ஒன்றுமில்லை.

நம் கதை அதுவா? நாம் கொக்கத்தடியைக் கீழே வைத்தால் காய் மரத்திலேயே நிற்கும். அலவாங்கில் கை வைக்காவிட்டால் ஒரு தேங்காயும் உரியாது, ஒரு லொறியும் நகராது. நம் பலம் தோட்டத்தில் இருக்கிறது, ஆலய வளவில் இல்லை. வளவு நமக்குக் கூடும் இடம், அவ்வளவே. ஞாயிறு பூசைக்கும் சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் அதே வளவுதான் வேண்டும். அங்கே பிடிவாதமாக உட்கார்ந்தால் துரையோடு செய்ய வேண்டிய சண்டையைப் பங்கு மக்களோடு செய்தவர்களாவோம். நம் சங்கத்தில் சிங்களவர் இருக்கிறார்கள், தமிழர் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள். ஆலயத்தோடு மூண்ட சண்டை மதச் சண்டையாக மாற இந்த மாவட்டத்தில் எவ்வளவு நேரம் எடுக்கும்? 2019 ஏப்ரல் 21இல் பக்கத்து நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்த மாதமே நம் பக்கத்தில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதைப் பார்த்தவர்கள் நாம்.

"எழும்பினால் தோற்றதாகாதா?" என்று கேட்பீர்கள். ஓடினால் தோல்விதான். பகல் வெளிச்சத்தில், கொடியோடு, நாமே தீர்மானித்து, எல்லோரும் ஒன்றாக நடந்து போனால் அது தோல்வியல்ல.

"எழும்புகிறோம் என்று சொன்ன பிறகும் அடித்தால்?" என்று கேட்பீர்கள். இது நியாயமான பயம். 2022 ஜூலையில் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் 22ஆம் திகதி பிற்பகல் ஜனாதிபதி செயலகத்தை விட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று விடியுமுன்பே படை வந்து அடித்தது. இடத்தை மீட்பது மட்டும் நோக்கமென்றால் பிற்பகல்வரை பொறுத்திருப்பார்கள். பயத்தை விதைப்பதுதான் நோக்கம்.

ஆகவே எழும்புவதற்கு நமக்கும் நிபந்தனைகள் உண்டு. கேட்பவர் நம் முன்னால் வந்து, காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொலிஸ்காரரின் வாயால் வரும் செய்தி ஆலயத்தின் வேண்டுகோள் ஆகாது. பேசி முடிவெடுக்க ஒரு பகலாவது அவகாசம் வேண்டும். கடைசிப் பிள்ளையும் வீடு சேரும்வரை வளவுக்குள் சீருடை நுழையக் கூடாது. பிடியாணைக்கோ குண்டருக்கோ பயந்து நிற்பவர் ஒருவர் இருந்தாலும் அவர் எழும்பமாட்டார். மற்றவர்கள் போனாலும் அவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். இதற்கு இணங்காத ஆலயம் நம்மைத் தள்ளிக் கொடுக்கிறது என்றே அர்த்தம். அப்போது அசையாமல் இருப்போம்.

இதையெல்லாம் வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு வாசலில் நின்று பேசக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் ஊர் ஆலயம், கோயில், பள்ளிவாசல், விகாரைப் பெரியவர்களை இப்போதே போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை நாள், எந்த மூலை, எந்த நேரம் விலகியிருப்பது, பொலிஸ் வந்தால் என்ன என்று பேசி எழுதி வைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நமக்கென்று ஒரு துண்டு நிலம். அரை ஏக்கர் போதும். சந்தாவில் சேர்த்து வாங்குவோம், முடியாவிட்டால் குத்தகைக்கு எடுப்போம். ஒரு கிணறு, ஒரு ஓலைக் கொட்டில், ஒரு கொடிக்கம்பம். இத்தனை தலைமுறையாக ஆயிரமாயிரம் ஏக்கரில் தென்னை வளர்த்தவர்களுக்கு, கூடி நிற்க அரை ஏக்கர் அதிகமா?

அந்த நாள் வரும்வரை ஆலய வளவில் நாம் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரரின் சொல்லுக்கு மரியாதை கொடுப்பான். உயிருக்கு அஞ்சி வந்தவனை வாசலுக்கு வெளியே தள்ளுகிறவனை இந்த ஊரில் யாரும் வீட்டுக்காரன் என்று சொல்வதில்லை.