பத்திரம் அண்ணன் பேர்ல, இஎம்ஐ உங்க சம்பளத்துலயா?

இங்கிலாந்துல ‘ஷேர்டு ஓனர்ஷிப்’னு ஒண்ணு இருக்கு மக்களே. வீட்டுல ஒரு பங்கை மட்டும் வாங்கிட்டு, மீதிக்கு வாடகை கட்டலாம். திண்டுக்கல்ல அது கிடையாது. இங்க அண்ணன் தம்பி, கணவன் மனைவி சேர்ந்து எடுக்கிற ஜாயின்ட் லோன்தான்.

30 லட்சம் வரையான கடன்னா வீட்டு மதிப்புல 90% வரை தரலாம், இது ரிசர்வ் வங்கி விதி. அப்போ 25 லட்ச ரூபாய் வீட்டுக்கு கையில 2.5 லட்சம் போதுமா? போதாது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அதுவே 2.25 லட்சம். (புரோக்கர் இதைக் கடைசியிலதான் சொல்வார்.) மொத்தம் 4.75 லட்சம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை பத்திரம்தான். சம்பளம் பத்தலைன்னு உங்களை கோ-அப்ளிகன்ட்டா சேர்த்துக்குவாங்க. பத்திரத்துல அண்ணன் பேர் மட்டும் இருக்கும். அவர் கட்டலைன்னா பேங்க் முழுக் கடனையும் உங்ககிட்ட கேட்கலாம். சிபில் ஸ்கோரும் அடி வாங்கும். வீட்டுல உரிமை? இல்ல. பழைய வரிமுறையில இருந்தாலும் வட்டிக்கான 24(பி) சலுகை கிடைக்காது.

“குடும்பத்துக்குள்ள என்னப்பா கணக்கு?”ன்னு கேட்பாங்க. கேட்கட்டும். யார் எவ்வளவு போடுறீங்களோ, அந்தப் பங்கைக் கிரயப் பத்திரத்துலயே எழுதுங்க. அண்ணன் 60%, நீங்க 40%னா அப்படியே. ஒத்துக்கலைன்னா லோன் ஃபார்ம்ல கையெழுத்துப் போடாதீங்க. ஒத்துக்கிட்டாலும், பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பத்திர எழுத்தர்கிட்ட டிராஃப்ட் வாங்கிப் படிச்சுடுங்க.