வாடகை வீடும் வகுப்பறையும்

நம் வீரகேரளம்புதூர் பக்கம் மாறுதலாகி வரும் வெளிமாவட்ட ஆசிரியர் வீடு தேடினால், வாடகைக்கு முன்னால் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்க என்ன ஆளுக?"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியினரை அங்கேயே தலைமையாசிரியராக, கல்வி அதிகாரியாக நியமிக்கக் கூடாது என்றது. வரவேற்கிறோம்.

ஆனால் அப்படி வெளியூரிலிருந்து வருபவர் தலித் என்றால் எங்கே குடியிருப்பார்? தென்காசியில் தங்கி பஸ்ஸில் வந்துபோவார். மாலை மணி அடித்ததும் பள்ளியோடு அவருக்கு ஊரும் முடிந்துவிடும். சந்தேகம் கேட்க நம் பிள்ளைகளுக்குத் தெருவில் ஒரு ஆசிரியர் இருக்க மாட்டார்.

தாலுகாதோறும் ஆசிரியர் குடியிருப்பு வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைப்போம்.