மாலை யாருக்கு?

ஊரில் ஒரு விழா. மேடையில் பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டிலும் பிரமுகர்கள்.

தலைவருக்கு ஒரு மாலை. துணைத் தலைவருக்கு ஒரு மாலை. விழாவுக்குப் பணம் கொடுத்தவருக்கு ஒரு பொன்னாடை. அவருடைய மைத்துனருக்கும் ஒரு பொன்னாடை. ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள். மணி ஒன்பது ஆகிவிட்டது. குழந்தைகள் தாயின் மடியில் தூங்கிவிட்டன.

கடைசியில் ஒருவர் மைக்கைப் பிடிக்கிறார். "ஊருக்காகப் பாடுபட்ட தொண்டர்களையும் பாராட்டுகிறோம். நேரம் இல்லாததால் பெயர்களைப் படிக்கவில்லை" என்கிறார்.

அந்தத் தொண்டர்கள் எங்கே? பந்தலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்க வேண்டுமே!

இது எங்கோ ஓர் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. பல ஊர்களில் நடக்கிறது. இது சரிதானா?

வீட்டில் விழும் திட்டு

நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வருகிறது. ஒரு தாய்க்குப் பிரசவம். ரத்தம் வேண்டும். சைக்கிள் கடையில் வேலை செய்யும் வாலிபன் எழுந்து ஓடுகிறான்.

மாலையில் ஒரு பெண், தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பத்துப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளிப் போடுகிறார்கள்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வீட்டில் திட்டு உண்டு.

"ஊர் வேலை சோறு போடுமா? உன் வயதில் உள்ளவன் எல்லாம் சம்பாதிக்கிறான்" என்று அப்பா சொல்கிறார். "பொழுது சாய்ந்த பிறகு பெண்பிள்ளைக்கு வெளியில் என்ன வேலை?" என்று பாட்டி கேட்கிறாள்.

அப்பா கெட்டவர் அல்ல. பாட்டியும் கெட்டவள் அல்ல. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டியது ஊர். ஊர் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும்? அந்த வாலிபன் ஓர் ஆண்டு ஓடுவான். இரண்டு ஆண்டு ஓடுவான். மூன்றாம் ஆண்டு, "நமக்கு எதற்கு?" என்று இருந்துவிடுவான். நஷ்டம் அவனுக்கு அல்ல. ஊருக்குத்தான்.

சைக்கிளில் வந்த அறிவு

ஊர் வாய் திறந்து பாராட்டினால் என்ன நடக்கும்? அதற்குப் புதுக்கோட்டை ஒரு சாட்சி.

1990இல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வேகம் பிடித்தது. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே இயக்கத்தின் வேலை. கல் உடைக்கும் பெண்களும், வயலில் நாற்று நடும் பெண்களும் பகல் எல்லாம் உழைத்துவிட்டு இரவில் படிக்க வந்தார்கள்.

கற்றுக்கொடுத்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம்.

ஒரு சிக்கல் எழுந்தது. ஊருக்கு ஊர் தூரம். பஸ் நினைத்த நேரத்தில் வராது. இரவில் தனியாக நடந்து போவதும் கடினம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதையும் அறிவொளியின் ஒரு பகுதியாக அவர் ஆக்கினார். சைக்கிள் வாங்குவதற்கு பாங்கிகளில் கடன் கிடைக்க வழி செய்தார்.

முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்து, அவர்களிடம் படித்த பெண்களும் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. அதனால் என்ன? நடுவில் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. கூசும்படி பேசியவர்களும் உண்டு. பெண்கள் இறங்கவில்லை.

1992 மார்ச் 8, உலகப் பெண்கள் தினம். அன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு, புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது.

அன்று அவர்களுக்கு வேறு மாலை தேவையா? வீட்டில் திட்டிய பாட்டியும் வாசலில் நின்று பார்த்திருப்பாள். "அதோ போகிறாளே, என் பேத்தி!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருப்பாள். அதுதான் உண்மையான பாராட்டு. செய்த வேலை ஊர் கண்ணில் படவேண்டும். செய்தவரின் வீட்டுக்கு அது தெரியவேண்டும்.

பின்னர் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் பாடங்களை மறந்துவிட்டார்கள். தெருத் தெருவாகத் தன்னார்வலர்கள் கிளம்பி, மாலை நேரத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. இந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் காய்கறிக்குக் காணும்? பணத்துக்காக அவர்கள் வரவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

படகோடு வந்தவர்கள்

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. அடையாறு கரை புரண்டது. மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒன்றாகத் தவித்தார்கள். அப்போது கடற்கரைக் குப்பங்களில் இருந்து மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். கல்லூரி மாணவர்கள் சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள். கோவில், பள்ளிவாசல், மாதா கோவில் எல்லாம் கதவைத் திறந்துவிட்டன.

2018 ஆகஸ்டில் கேரளத்திலும் அதே கதை. அங்கே மீனவர்கள் லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த மாநில அரசாங்கம் அவர்களை அழைத்து விழா எடுத்தது. உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் உண்டு. உடைந்த படகைச் சரி செய்து கொடுத்தால் போதும் என்பது நியாயமான பேச்சு. தொண்டு செய்தவன் கையில் இருந்ததையும் இழக்கும்படி விடக்கூடாது அல்லவா?

சட்டம் தந்த மரியாதை

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். தூக்க ஒருவரும் வருவதில்லை. ஏன்? இரக்கம் இல்லையா? இருக்கிறது. பயமும் இருக்கிறது. "போலீஸ் கேட்கும். கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்ற பயம்.

2016இல் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு முடிவு கட்டியது. உதவி செய்தவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 2021இல் மத்திய அரசாங்கம் 5,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. 2025இல் அதை 25,000 ஆக்குவதாகச் சொன்னது.

பரிசு நல்லதுதான். ஆனால் பரிசைவிடப் பெரியது, "பயப்படாதே" என்று சட்டம் சொன்ன சொல்.

சர்டிபிகேட் இல்லாத தொண்டு

1969 செப்டம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அது காந்தியடிகளின் நூற்றாண்டு. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்து, ஒரு முகாமிலும் பங்கு கொண்டால் சர்டிபிகேட் கிடைக்கும். நல்ல ஏற்பாடு.

ஆனால் கல்லூரியில் கால் வைக்காதவன் என்ன செய்வான்? சைக்கிள் கடைப் பையன் இருநூறு மணி நேரம் அல்ல, இரண்டாயிரம் மணி நேரம் ஓடியிருப்பான். அவனுக்கு யார் எழுதிக் கொடுப்பது?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது இருக்கிறது. 15 முதல் 35 வயது உள்ளவர்களுக்குச் சுதந்திர தினத்தில் வழங்குகிறார்கள். அதற்கு மனுப் போட வேண்டும். செய்த வேலைக்கு அத்தாட்சி சேர்க்க வேண்டும். குளத்தில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டா அள்ளுகிறான்? அவனுக்காக மனு எழுத ஊரில் படித்தவர் ஒருவர் முன்வரவேண்டும்.

"புகழுக்கா செய்கிறான்?"

சிலர் கேட்பார்கள். "உண்மைத் தொண்டன் புகழை விரும்ப மாட்டான். மாலை போட்டால் கெட்டுப்போவான்."

பாதி உண்மை. கையில் ஒரு பொட்டலம், எதிரில் ஒரு காமிரா என்று தொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊர் மாலை போடத் தேவையில்லை. தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

மற்றவர்கள் புகழை எதிர்பார்ப்பது இல்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை. அதைக் காரணம் காட்டி நாம் நன்றி சொல்லாமல் இருக்கலாமா? திருவள்ளுவர் ஊருக்கு உதவுவதைப் பற்றி ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் பாடினார். உதவி பெற்றவன் அதை மறக்கக்கூடாது என்பதற்கும் செய்ந்நன்றி அறிதல் என்று தனி அதிகாரம் பாடினார். இரண்டுக்கும் பத்துப் பத்துக் குறள். ஒன்று கொடுப்பவன் கடமை. இன்னொன்று நம் கடமை.

செலவில்லாத வேலை

இதற்குப் பெரிய பந்தல் வேண்டாம். ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 ஆகிய நாட்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அங்கே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தொண்டர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது. என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "சேவைச் செம்மல்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "மூன்று ஆண்டாக வடக்குத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்" என்றால் எல்லோருக்கும் புரியும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு வேலைக்கோ படிப்புக்கோ மனுப் போடும்போது அந்தத் தாள் உதவும்.

தாயையும் தகப்பனையும் அழைத்து முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

பாராட்டோடு நின்றால் போதாது. சாக்கடையில் இறங்குகிறவருக்குக் கையுறையும் பூட்சும் வாங்கித் தரவேண்டும். வெளியூர் போய் ரத்தம் கொடுப்பவருக்குப் பஸ் சார்ஜ் தரவேண்டும். மாலையில் பாடம் சொல்லும் பெண் வீடு திரும்பும் தெருவில் விளக்கு எரியவேண்டும். விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெள்ளத்தில் பிறரைக் காக்கப் போனவன் திரும்பி வராவிட்டால் அவன் வீட்டு அடுப்பு அணையக்கூடாது.

பட்டணத்தில் கிராம சபை இல்லையே என்று கேட்கலாம். பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் கொடி ஏற்றும்போது ஒரு தொண்டரை அழைத்துவந்து பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யலாம். சினிமா நடிகரின் பெயர் தெரிந்த பிள்ளைக்கு, தன் தெருவில் ரத்தம் கொடுத்தவரின் பெயரும் தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள். உங்கள் தெருவில் ஊருக்காக ஓடும் பிள்ளை யார்? அவன் பெயர் என்ன? அவள் பெயர் என்ன? வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் தெருவில் விசாரியுங்கள்.

தெரிந்துகொண்டதும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்கள் பிள்ளையால் எங்கள் வீட்டுக்கு இன்ன நன்மை" என்று சொல்லுங்கள். மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அப்பா அன்று இரவு திட்டமாட்டார்.