அரிய ஒலிப்பதிவுகள் யாருக்கு அரியவை?

1998ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்ற காலத்தில், போர்த்துக்கேயர் கால்பதித்த நாடுகளின் இசையைத் தொகுத்து இறுவட்டு வரிசையொன்றை திராடிசோம் என்ற போர்த்துக்கேய நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இலங்கைக்குரியது. இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் பாடல்களும் பைலா, கபிரிஞ்ஞா ஆகிய ஆட்ட இசைகளும் அதில் இடம்பெற்றன. அந்த மொழியும் அந்த இசையும் இன்றும் உயிரோடு இருக்கும் முக்கியமான இடம் மட்டக்களப்பு. ஆனால் 1998இல் மட்டக்களப்பு நகரம் இராணுவத்தின் பிடியிலும், வாவிக்கு அப்பால் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. எங்கள் ஊரின் இசை லிஸ்பனில் விற்பனைக்கு வந்தபோது, நாங்கள் சோதனைச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த இறுவட்டை இங்குள்ள எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

பழைய ஒலிப்பதிவுகளை மீள வெளியிடுவது இன்று மேற்குலகில் தனியொரு தொழில். 1990களின் தொடக்கத்தில் பிரித்தானிய நடன அரங்குகளில் உருவான ‘புரோகிரசிவ் ஹவுஸ்’ இசையை உதாரணமாகப் பார்க்கலாம். அந்தப் பெயரை 1992இல் ‘மிக்ஸ்மாக்’ சஞ்சிகையில் எழுதி நிலைபெறச் செய்தவர் டொம் பிலிப்ஸ் என்ற பத்திரிகையாளர். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறிச்செல்லும் அந்த நீண்ட இசைத்துண்டுகளில் பலவற்றைச் சிறு நிறுவனங்கள் 12 அங்குல இசைத்தட்டுகளாகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டன. அவற்றில் சில இன்று ‘டிஸ்கொக்ஸ்’ போன்ற இணையச் சந்தைகளில் பெரும் விலைக்குப் போகின்றன. விலை ஏறியதும் யாரோ ஒருவர் மூல நாடாவைத் தேடிப் பிடித்து, உரிமையாளரோடு ஒப்பந்தம் எழுதி, ஒலியைத் துப்புரவாக்கி மீண்டும் வெளியிடுகிறார்.

இதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். மூல நாடா இருக்க வேண்டும். அது யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் தாள் இருக்க வேண்டும். இரண்டையும் முப்பது வருடம் நனையாமல் வைத்திருக்க ஒரு கூரை இருக்க வேண்டும். போர் எங்களிடமிருந்து பறித்தது இந்த மூன்றையும்தான். சந்தையில் ஒரு பதிவு அரிதாவது குறைவாக அச்சிடப்பட்டதால். எமது பதிவுகள் அரிதானது அவை எரிக்கப்பட்டதாலும் புதைக்கப்பட்டதாலும்.

1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆயினும் போர்த்துக்கேய மொழி இங்குள்ள பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டது. தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழில் செய்து, அயலவரோடு தமிழும் வீட்டில் கிரியோலும் பேசி வாழ்ந்த சமூகம் அது. அவர்களின் கலியாண வீடுகளில் வயலினும் மேளமும் சேர, ஆணும் பெண்ணும் சோடியாக ஆடுவது கபிரிஞ்ஞா. ‘ஆடுதல்’ என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது பைலா. அந்தத் தாளம் சிங்கள இசைக்குள் போனது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் பாடிய ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்குள்ளும் வந்தது. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் பலர் போய்விட, 2004 டிசம்பர் 26 சுனாமி டச்பார் பகுதியில் இருந்த பறங்கியர் குடியிருப்பை அழித்துச் சென்றது. ஆட்களோடு பாட்டுக் கொப்பிகளும் கசற்றுகளும் வாத்தியங்களும் போயின.

இது பறங்கியரின் கதை மாத்திரமல்ல. இந்த வாவிக்கரையில் 1978 நவம்பர் 23 சூறாவளி வீட்டுக் கூரைகளைக் கொண்டுபோனது. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் ஊர் ஊராக ஆட்களை எழுப்பியது. 2007இல் வாகரையும் படுவான்கரையும் இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு முறையும் பிள்ளையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையில், யாரும் கசற்றைத் தூக்கவில்லை.

1990இல் எங்கள் வீட்டில் இருந்த கசற்றுகளை அப்பா பிரித்துப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. சினிமாப் பாட்டுகள் அலுமாரியிலேயே இருந்தன. இயக்கப் பாட்டுகள் அடுப்புக்குள் போயின. மாமாவின் கலியாணத்தில் பதிந்த கசற்றில், பின்னர் இயக்கத்துக்குப் போன ஒரு பெடியன் பாடியிருந்தான். அதை எரிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. பொலித்தீனில் சுற்றி வேலியோரம் தாட்டார்கள். அடுத்த மாரி கழிந்து தோண்டியபோது நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அம்மம்மா குரவையிட்ட சத்தம் பதிவாகியிருந்த ஒரேயொரு கசற் அது. இப்படியொரு கதை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

தப்பிய நாடாக்களுக்கும் காலம் அதிகம் இல்லை. ஒலிநாடாவின் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரப்பதனில் கெடும். வாவிக்காற்றில் பூஞ்சணமும் சேரும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவியும், கருவியைத் திருத்தத் தெரிந்தவரும் அருகி வருகிறார்கள். அவுஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே, நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றுவதற்கான கெடுவாக 2025ஐக் குறிப்பிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலிக்காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து இதே எச்சரிக்கையை விடுத்தன. அந்தக் கெடு எம்மை எட்டிவிட்டது.

சட்டமும் எமக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் உரிமை வெளியீட்டிலிருந்து 50 ஆண்டுகளுக்கே உண்டு. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த இசைத்தட்டுகளுக்கு அது முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பதிப்புரிமை, அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆனால் அதைக் கோர வாரிசுகளிடம் தாள் வேண்டுமே. கூத்து, கபிரிஞ்ஞா, தாலாட்டு போன்ற நாட்டார் வடிவங்களை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வழங்கும் அதிகாரம், அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்திடம் இருக்கிறது. கட்டணம் கலாசார அபிவிருத்திக்குப் போகும். பாடிய ஊரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த ஏற்பாட்டில் நான் காணவில்லை.

இதற்கு மாறான வழியொன்று எங்கள் ஊரிலேயே செய்து காட்டப்பட்டிருக்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் கடந்த தசாப்தத்தில் கிழக்கிலங்கைப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து, அழிநிலை மொழிகளுக்கான காப்பகத்தில் வைத்தார்கள். அப்போது லண்டனில் இருந்த அந்தக் காப்பகம் இப்போது பேர்லினில் இயங்குகிறது. அங்கு ஒவ்வொரு பதிவுக்கும் யார் கேட்கலாம் என்ற படிநிலை வைக்க முடியும். சில பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கும். சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். காப்பகம் தூரத்தில் இருப்பது குறைதான். ஆனால் அந்தப் படிநிலை முறை எமக்கு மிகவும் தேவையானது.

ஏனென்றால் எமது கசற்றுகளில் இருப்பவை வெறும் பாட்டுகள் அல்ல. இறந்தவரின் குரலும் காணாமல் ஆக்கப்பட்டவரின் சிரிப்பும் அவற்றில் இருக்கின்றன. புலம்பெயர்ந்த நாட்டில் ஒருவர் நல்லெண்ணத்தோடு யூடியூப்பில் ஏற்றும் ஒரு பழைய பதிவு, இங்கே இருக்கும் தாயின் வீட்டு வாசலுக்கு விசாரணையாளரைக் கொண்டுவரக்கூடும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. முதலாவதை உடனே செய்ய வேண்டும். இரண்டாவதை, அந்தக் குரலுக்கு உரித்தானவர்கள் சம்மதிக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

இதைச் செய்யக்கூடிய இடங்கள் எம்மிடம் இருக்கின்றன. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவரின் பெயரைத் தாங்கிய நிறுவகம் அது. நூலகம் நிறுவனம் ஆவணகம் என்ற பல்லூடகக் காப்பகத்தை நடத்துகிறது. ஓடக்கூடிய ஒரு கசற் கருவி, ஒரு கணினி, சம்மதப் படிவம், பயிற்சி பெற்ற இரண்டு மாணவர்கள் இருந்தால் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் வேலையைத் தொடங்கலாம். புலம்பெயர்ந்த எம்மவர் மீள்வெளியீட்டுக்குப் பணம் போட விரும்பினால், அதற்கு முன் இந்த வேலைக்குப் போடட்டும். வெளிநாட்டில் இருக்கும் பதிவுகளின் ஒரு பிரதி மட்டக்களப்புக்குத் திரும்பி வர வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கட்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அலுமாரியில் ஒரு கசற் மிச்சம் இருந்தால் அதைப் பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் பாடியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அதை அறிந்தவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது போகிறது.