ஏணியைப் பிடிக்கவா பிள்ளை பெற்றோம்?

காலையில் தாராவி 90 அடி ரோட்டில் நின்று பாருங்கள். பெயிண்ட் வேலைக்குக் கிளம்பும் சோட்டா ஹாத்தியின் மேடை 7 அடி. ஏற்றியிருக்கும் ஏணி 12 அடி. மிச்சம் 5 அடி பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. அது சரியாமல் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பவன் யார்? திருநெல்வேலியிலிருந்து வந்த நம் வீட்டுப் பிள்ளை!

காண்டிராக்டரிடம் ரேக் கேட்டால் காசில்லை என்கிறார். என்ன பெரிய செலவு? கேபினுக்குப் பின்னால் கேபினைவிட உயரமாக ஒரு இரும்பு பிரேம், வண்டிக் கடைசியில் இன்னொன்று. மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்து ஏமாற்றாமல், மேடையின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஏணி கேபினுக்கு மேலே போய் வண்டி நீளத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு பிரேமிலும் கயிறு கட்டினால் போதும். ஒரு வாரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். மழைக்கு முன் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் காண்டிராக்டரிடம் பெயிண்டுக்குமா பஞ்சம்?

நான் ரயில்வே குமாஸ்தா. எங்களிடம் அளவு மீறிய சரக்கு தனி அனுமதியின்றி ஓரடி நகராது. ரோட்டுக்கும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194(1ஏ) பிரிவின்படி, வரம்பு மீறிச் சரக்கு நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் குற்றவாளி. ஆனால் பிடிபட்டால் கழிப்பது யார் சம்பளத்தில்? டிரைவர் சம்பளத்தில்!

அப்படிக் கழிக்கப்பட்டவர்கள் அபராதச் சீட்டோடு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். ரேக் இல்லாத வண்டியில் ஏணியோடு யாரும் ஏறாதீர்கள்.